ஆங்கிலப் பிழைக்குள் இருக்கும் தமிழ்

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி போன மாதம் ஒரு வேலை விண்ணப்பக் கடிதத்தோடு வந்தாள். கணக்கு வேலையில் கெட்டிக்காரி. கடிதத்தை நீட்டும்போதே, "அக்கா, எனக்கு ஆங்கில இலக்கணம் வராது, கொஞ்சம் பாருங்கள்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கடிதத்தில் நான்கு வாக்கியங்கள் தடுமாறியிருந்தன.

"ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்." மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன் என்று சொல்ல நினைத்தாள்.

"ஐ டிட் நொட் டுக் எனி லீவ் லாஸ்ட் இயர்." போன வருடம் நான் விடுமுறையே எடுக்கவில்லை.

"எவ்ரிவன் இன் மை செக்ஷன் நோ மை வர்க்." என் பிரிவில் எல்லோருக்கும் என் வேலையைத் தெரியும்.

"ப்ளீஸ் இன்ஃபோர்ம் மீ வென் கேன் ஐ கம்." நான் எப்போது வரலாம் என்று அறியத்தாருங்கள்.

நான்கும் பிழை. ஆனால் ஒன்றுகூடக் கண்மூடித்தனமான பிழை இல்லை; ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டால், பிழையைக் கண்டுபிடிப்பதற்கு நூறு விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அன்று அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எது பிழை, எது பிழை இல்லை

கொழும்பில் ஆங்கிலத்தைப் பற்றி நடக்கும் பேச்சில் எல்லாமே ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. ஒருவர் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னால், "அவருக்கு இலக்கணம் தெரியாது" என்கிறார்கள். அது உச்சரிப்பு, இலக்கணத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. எழுத்துக்கூட்டல் தவறும் அப்படித்தான். இலக்கணம் என்பது சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தி வாக்கியமாக நிற்கும் ஒழுங்கு. அந்தப் பொருத்தம் குலைந்தால் மட்டுமே அது இலக்கணப் பிழை.

நம்முடைய இலக்கண நூல்களில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு இடங்களில் வழு வரலாம் என்கிறது நன்னூல். 'அவன் வந்தாள்' என்பது பால் வழு. 'நாளை வந்தான்' என்பது கால வழு. சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ் படித்த எவரும் இதைக் கடந்து வந்திருப்பார்கள். அதே நூல் வழுவமைதி என்ற இன்னொன்றையும் சொல்கிறது: விதிப்படி தவறாகத் தோன்றினாலும் காரணத்தோடு ஏற்றுக்கொள்ளப்படுவது. பசுவை அன்பு மிகுந்து 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதை அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள்.

நம் ஊர் ஆங்கிலத்துக்கும் இந்தப் பெருந்தன்மை தேவை. வீட்டிலிருந்து புறப்படும்போது 'போகிறேன்' என்று சொன்னால் நம் அம்மாக்கள் பொறுக்கமாட்டார்கள். 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்லவேண்டும். அதனால்தான் இலங்கையர் ஆங்கிலத்திலும் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்கிறோம். அந்த வாக்கியத்தில் இலக்கணம் எங்கேயும் உடையவில்லை. சிற்றுண்டியை 'ஷோர்ட் ஈட்ஸ்' என்று நாம் கேட்டு வாங்குவது இலண்டனில் புரியாமல் போகலாம், அது பிழையாகிவிடாது. இவற்றைப் பிழைப் பட்டியலில் போட்டு இளைஞர்களை வெட்கப்படுத்துவது எனக்குக் கோபம் தருகிற விஷயம். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தை 'கடுவ' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வாள் என்று பொருள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் நம் அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இணைக்க வேண்டிய மொழிக்கு மாணவர்கள் வைத்த பெயர் வாள்.

ஆகவே, உச்சரிப்பையும் ஊர் வழக்கையும் ஒதுக்கிவிடுவோம். இனிப் பார்க்கப்போவது சொற்களுக்கிடையே பொருத்தம் குலையும் இடங்களை மட்டும்.

வினையின் வால்

'வந்தேன்' என்று ஒரு சொல் மட்டும் சொன்னால் போதும். வந்தது நான் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தன. தமிழ் வினைமுற்றின் வாலிலேயே ஆள் யார், எத்தனை பேர் என்பது எழுதியிருக்கிறது. வினைமுற்று என்றால் வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைச்சொல். யார் அல்லது எது செய்தது என்ற கேள்விக்குப் பதிலாக நிற்பது எழுவாய். எழுவாயும் வினைமுற்றும் ஒத்துப்போவது இரண்டு மொழிக்கும் பொது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி வால்கள் நிறைய இருந்தன. நீ என்பதற்குத் 'தவ்' என்று ஒரு சொல், அதன் வினைக்கு 'எஸ்ட்' என்று ஒரு விகுதி. அவன், அவள் என்பவற்றின் வினைக்கு 'எத்' என்று ஒரு விகுதி. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தைப் புரட்டினால் 'மேக்கெத்', 'லீடெத்' என்று பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். பின்னர் இங்கிலாந்தின் வடபகுதி வழக்கான 'ஸ்' தெற்கே பரவி அந்த 'எத்' இருந்த இடத்தைப் பிடித்தது. மற்ற வால்கள் எல்லாம் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. மிஞ்சி நிற்பது இந்த ஒரு 'ஸ்' மட்டுமே: நிகழ்காலத்தில், அவன், அவள், அது என்று ஒருமையில் சொல்லும்போது வரும் 'ஸ்'. 'ஐ வர்க்', 'யூ வர்க்', 'தே வர்க்'. ஆனால் 'ஷீ வர்க்ஸ்'.

தமிழர் இதை மறப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தமிழில் ஆறேழு வால்கள் இருப்பதால் ஒன்றை மறந்தால் காது உடனே உறுத்தும். ஆங்கிலத்தில் எல்லாம் மொட்டையாக நிற்கும்போது ஒன்றுக்கு மட்டும் வால் வேண்டும் என்பதைக் காது எதிர்பார்ப்பதில்லை. அதோடு, பெயர்ச்சொல்லுக்கு 'ஸ்' சேர்த்தால் பன்மை, வினைச்சொல்லுக்குச் சேர்த்தால் ஒருமை என்ற தலைகீழ் வேறு. 'த போய் ரன்ஸ்', 'த போய்ஸ் ரன்'. இரண்டில் ஒன்றுக்குத்தான் 'ஸ்' கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். எல்லா இடத்துக்கும் பொருந்தாவிட்டாலும் தொடக்கத்தில் நன்றாகக் கைகொடுக்கும்.

இப்போது கடிதத்தின் மூன்றாவது வாக்கியம். 'எல்லோரும் வந்தார்கள்' என்பதே நமக்குப் பழக்கம். தமிழில் எல்லோரும் என்பது பன்மை. ஆங்கிலத்தின் 'எவ்ரிவன்' என்ற சொல்லின் முடிவைக் கவனியுங்கள்: அதற்குள் 'வன்', அதாவது ஒன்று, இருக்கிறது. 'ஒவ்வொருவரும் தனித்தனியே' என்ற எண்ணத்தில் ஆங்கிலம் அதை ஒருமையாகக் கொள்கிறது. ஆகவே 'எவ்ரிவன் நோஸ்'. 'எவ்ரிபடி', 'நோபடி', 'ஈச்' எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்.

இதைவிடத் தந்திரமான பிழை ஒன்று இருக்கிறது. 'த லிஸ்ட் ஒவ் நேம்ஸ் ஆர் ஹியர்'. வினைக்கு அருகில் 'நேம்ஸ்' என்ற பன்மை நிற்பதால் கை தானாக 'ஆர்' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் வழுக்கி விழும் இடம் இது. ஆனால் இங்கே தமிழருக்கு ஒரு வசதி உண்டு. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'பெயர்களின் பட்டியல் இருக்கிறது'. தமிழில் அடைகள், அதாவது பெயரை விளக்கும் சொற்கள், எல்லாம் முன்னே வந்துவிட, தலையான பெயர் கடைசியில் வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இருப்பது பட்டியல், பெயர்கள் இல்லை. பட்டியல் ஒன்று. ஆகவே 'இஸ்'. எழுவாய் எது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் மனத்துக்குள் ஒருமுறை தமிழாக்கிப் பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் வினைமுற்றைத் தேடுங்கள். அடுத்து அதைச் செய்தது எது என்று கேளுங்கள். அது அவன், அவள், அது என்ற ஒருமையானால், காலம் நிகழ்காலமானால், 'ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள்.

பையைத் தூக்குபவர் ஒருவரே

இரண்டாவது வாக்கியம், 'டிட் நொட் டுக்'. கொழும்பில் நான் திருத்தும் கடிதங்களில் மிக அதிகமாகப் பார்ப்பது இந்தப் பிழையைத்தான். இதைப் புரியவைக்க அந்தத் தங்கச்சியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "புறக்கோட்டைச் சந்தைக்கு நீயும் அம்மாவும் போகிறீர்கள். ஒரே ஒரு பை. யார் தூக்குவீர்கள்?" "நான்தான் அக்கா. அம்மா சும்மா வருவா." அவ்வளவுதான் விஷயம்.

'ஐ டுக்' என்று தனியே வரும்போது இறந்தகாலம் என்ற பையை அந்த வினையே தூக்கிக்கொண்டு போகிறது. இல்லை என்று சொல்லவோ கேள்வி கேட்கவோ வேண்டியிருந்தால், துணைவினை ஒன்று முன்னால் வருகிறது. துணைவினை என்றால் முதன்மை வினைக்கு உதவியாக வரும் சிறு வினை, இங்கே 'டூ'. அது வந்தவுடன் பையை வாங்கிக்கொண்டு 'டிட்' ஆகிவிடுகிறது. பின்னால் வரும் வினை வெறுங்கையோடு, மூல வடிவத்திலேயே நடந்தால் போதும்: 'டிட் நொட் டேக்'. 'டிட் நொட் டுக்' என்றால் ஒரே பையை இருவர் தூக்கியதாகிறது.

இந்த ஒரு உவமையைப் பிடித்துக்கொண்டால் வேறு பல பிழைகளும் தானாக வெளியே வரும். நிகழ்கால 'ஸ்'ஸும் அதே பைதான். 'ஷீ வர்க்ஸ்' என்பதைக் கேள்வியாக்கினால், 'டூ' வந்து 'ஸ்'ஸை வாங்கி 'டஸ்' ஆகிறது. மிஞ்சுவது 'டஸ் ஷீ வர்க்'. 'டஸ் ஷீ வர்க்ஸ்' என்றால் மறுபடியும் இரண்டு பேர் ஒரே பையில் கை வைக்கிறார்கள். 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' போன்ற துணைவினைகள் இன்னொரு வகை: தாங்கள் 'ஸ்' சேர்த்துக்கொள்வதுமில்லை, பின்னால் வருபவரைச் சேர்க்க விடுவதுமில்லை. 'ஹீ கேன் ஸ்பீக்'.

வியப்பு என்னவென்றால், இந்த ஒழுங்கு தமிழிலேயே இருக்கிறது. நான் எடுத்தேன், அவன் எடுத்தான், அவர்கள் எடுத்தார்கள். எதிர்மறைக்குப் போங்கள்: நான் எடுக்கவில்லை, அவன் எடுக்கவில்லை, அவர்கள் எடுக்கவில்லை. 'இல்லை' வந்து ஒட்டியவுடன் முதன்மை வினை வாலையும் காலத்தையும் இறக்கிவைத்துவிட்டு 'எடுக்க' என்று நின்றுவிடுகிறது. 'எடுத்தேன் இல்லை' என்று நாம் யாரும் இப்போது பேசுவதில்லை. அப்படியானால் 'டிட் நொட் டுக்' தமிழிலிருந்து வந்த பிழை இல்லை. இது பாதி கற்ற ஆங்கில விதியிலிருந்து வந்தது: 'இறந்தகாலம் என்றால் இரண்டாம் வடிவம்' என்று பள்ளியில் அட்டவணை அட்டவணையாக ஒப்புவித்ததன் விளைவு. அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்த அளவுக்கு அது எப்போது தேவையில்லை என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நான்காவது வாக்கியமும் இதே குடும்பம். 'வென் கேன் ஐ கம்' என்று நேரடியாகக் கேட்கும்போது துணைவினை 'ஐ'க்கு முன்னால் தாவுகிறது. அது கேள்வியின் அடையாளம். ஆனால் 'நான் எப்போது வரலாம் என்று அறியத்தாருங்கள்' என்னும்போது வாக்கியம் கேள்வி இல்லை, வேண்டுகோள். கேள்வி உள்ளே பொதிந்திருக்கிறது. அங்கே தாவல் கிடையாது: 'வென் ஐ கேன் கம்'. தமிழில் கேள்விக்காகச் சொற்கள் இடம் மாறுவதே இல்லை. கேள்வியில் இடம் மாற்றவேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள், கேள்விச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் மாற்றிவிடுகிறார்கள்.

ஆக, பிழைகளுக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, தமிழின் பழக்கம் ஆங்கிலத்துக்குள் வருவது. மற்றது, கற்ற ஒரு விதி தன் எல்லையைத் தாண்டி ஓடுவது.

மூன்று வருடமாக, 2022இலிருந்து

முதல் வாக்கியத்தில் இரண்டு சிக்கல்கள். எளியதை முதலில் பார்ப்போம்: 'சின்ஸ்', 'ஃபோர்'. தமிழில் 'மூன்று வருடமாக' என்று ஒரு கால அளவைச் சொல்கிறோம். '2022இலிருந்து' என்று ஒரு தொடக்கப் புள்ளியைச் சொல்கிறோம். 'ஆக' என்று காதில் விழுந்தால் 'ஃபோர்'. 'இலிருந்து' என்று விழுந்தால் 'சின்ஸ்'. 'ஃபோர் த்ரீ இயர்ஸ்', 'சின்ஸ் 2022'. இதைவிடச் சுலபமான சோதனை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. நம் மொழியே விடையை வைத்திருக்கிறது.

மற்றது காலம். 'மூன்று வருடமாக வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் வர்க்கிங்' என்பது இந்தக் கணத்தை மட்டும் காட்டும் ஒரு படம். முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் கயிற்றை அது காட்டாது. அந்தக் கயிற்றுக்கென்றே ஆங்கிலம் தனி வடிவம் வைத்திருக்கிறது: 'ஐ ஹேவ் பீன் வர்க்கிங்'. எவ்வளவு காலமாக, எப்போதிலிருந்து என்பவை வாக்கியத்தில் இருந்து, வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தால், 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வேண்டும்.

பெயருக்கு முன்னால் வரும் சிறுசொற்கள்

'அ', 'ஆன்', 'த'. இவற்றைப் பற்றி வரும் பெரும்பாலான விளக்கங்கள் தமிழருக்கு உதவாது, ஏனென்றால் 'த' என்பதற்கு இணையான சொல் தமிழில் இல்லை என்று தொடங்கி அங்கேயே கைவிட்டுவிடுகின்றன. சொல் இல்லைதான். ஆனால் அந்தப் பொருள் தமிழில் இருக்கிறது, அதுவும் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் இடத்தில்.

'புத்தகம் வாங்கினேன்' என்கிறீர்கள். கேட்பவருக்கு அது ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்கிறீர்கள். இப்போது கேட்பவர், நேற்றுப் பேசிக்கொண்டிருந்தோமே, அந்தப் புத்தகம் என்று எடுத்துக்கொள்கிறார். நடுவில் மாறியது 'ஐ' என்ற ஒரே எழுத்து. இதை வேற்றுமை உருபு என்கிறோம்: பெயரின் முடிவில் சேர்ந்து அதன் பொருளை வேறுபடுத்துவது. செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயரில் 'ஐ' இல்லாவிட்டால் பெரும்பாலும் 'அ': 'ஐ போட் அ புக்'. 'ஐ' இருந்தால் பெரும்பாலும் 'த': 'ஐ போட் த புக்'. ஆட்களைக் குறிக்கும் பெயர்களுக்கு 'ஐ' எப்படியும் வந்துவிடும் என்பதால் இந்தச் சோதனை அங்கே செல்லாது. அங்கேயும் வாக்கியத்தின் மற்ற இடங்களிலும், பெயருக்கு முன் 'ஏதோ ஒரு' அல்லது 'அந்த' என்று வைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அது வழியைக் காட்டும்.

'அ'வா 'ஆன்'னா என்பதைத் தீர்மானிப்பது எழுத்து இல்லை, ஒலி. உயிரொலியில் தொடங்கினால் 'ஆன்': ஒரு மணி நேரம் என்பதற்கு 'ஆன் அவர்'. யகர ஒலியில் தொடங்கினால் 'அ': 'அ யூனிவர்சிட்டி'. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் இரண்டிலும் ஏமாந்துபோவோம்.

பன்மையிலும் தமிழ் குறுக்கே வரும். கொழும்பின் காலி வீதியில் நின்றுகொண்டு 'மூன்று பஸ் போய்விட்டது' என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மூன்று என்ற எண்ணே பன்மையைச் சொல்லிவிட்டது. ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் பன்மை விகுதி கட்டாயம்: 'த்ரீ பஸ்ஸஸ்'. மறுபக்கம், அறிவுரைகள், தகவல்கள், தளபாடங்கள் என்று நாம் பன்மையாக்குபவற்றை ஆங்கிலம் அரிசியையும் மணலையும் போல் எண்ண முடியாதவையாக வைத்திருக்கிறது. 'அட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' மூன்றும் பிழை. 'ஸ்' இல்லாமல் எழுதவேண்டும்.

ஒரு 'இல்', மூன்று சொல்

கொழும்பில், காலி வீதியில், பஸ் நிலையத்தில். தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு. ஆங்கிலத்தில் இடத்துக்கு ஏற்ப 'இன் கொலம்போ', 'ஒன் கோல் ரோட்', 'அட் த பஸ் ஸ்டாண்ட்' என்று மூன்றாகப் பிரிகிறது. உள்ளே அடங்கிய பரப்பு, மேலே படியும் கோடு, ஒரு புள்ளி என்று நினைத்துக்கொண்டால் பாதித் தூரம் போகலாம். மீதியைப் படித்துப் பழகித்தான் பெறவேண்டும். இதற்கு முழுமையான சூத்திரம் இருப்பதாகச் சொல்பவரை நம்பவேண்டாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'பற்றிப் பேசினோம்' என்பது மனத்தில் இருப்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது, 'அபவுட்' வேண்டாம். 'அவரோடு திருமணம்' என்பதால் 'மேரிட் வித்' என்று வருகிறது. 'மேரிட் டு' என்பதே சரி.

திரும்பவும் கடிதத்துக்கு

ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்கும்போது நான் வாக்கியத்தை முதலிலிருந்து படிப்பதில்லை. வினைமுற்றில் விரலை வைக்கிறேன். அதன் எழுவாயைத் தேடுகிறேன். பையை ஒருவர்தான் தூக்குகிறாரா என்று பார்க்கிறேன். பிறகு காலம். பெயர்களின் முன்னாலுள்ள சிறுசொற்களுக்குக் கடைசியாகத்தான் வருவேன், ஏனென்றால் அங்கே பிழை இருந்தாலும் படிப்பவருக்குப் பொருள் விளங்கிவிடும். வினையில் பிழை இருந்தால் வாக்கியமே சாய்ந்துவிடும்.

அன்று முதலாவதையும் மூன்றாவதையும் நான் திருத்திக் காட்டினேன். 'ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்.' 'எவ்ரிவன் இன் மை செக்ஷன் நோஸ் மை வர்க்.' நான்காவதில் 'ஐ கேன்' என்று அம்புக்குறி போட்டு மாற்றிக்கொடுத்தேன். இரண்டாவதை அவளிடமே விட்டேன். பேனாவை எடுத்து 'டிட்' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பை இங்கே இருக்கிறது அக்கா" என்று சொல்லிக்கொண்டே 'டுக்' என்பதை வெட்டிவிட்டு 'டேக்' என்று எழுதினாள்.